மூன்று சொல், ஒரு கடிகாரம்: முதியோரின் மறதியைச் சோதிக்கப் பழகுவோருக்கு

முதியோரின் நினைவாற்றலைப் பார்க்கும் மினி-காக் சோதனைக்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாள், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், தடங்கல் இல்லாமல் எழுதும் ஒரு பேனா, மூன்று நிமிடம். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எளிதாக இருப்பதாலேயே இது எளிதில் கெட்டும் போகிறது. பிரஷர் கருவி பழுதானால் எண் விபரீதமாக வந்து நமக்கே சந்தேகம் தட்டும். இதில் தப்பும் தவறுமாகக் கேட்டாலும் அழகான ஒரு மதிப்பெண் வந்துவிடும். ஐந்துக்கு 1 என்று வந்தால், காது மந்தத்தால் வந்த 1-க்கும் டிமென்ஷியா என்ற மறதி நோயால் வந்த 1-க்கும் தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது.

முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த செவிலியர், வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர், பயிற்சி மருத்துவர் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை. பெற்றோரை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகளும் படிக்கலாம். ஆனால் சொந்த அம்மாவுக்குத் தாங்களே சோதனை வைக்க வேண்டாம். பாதி விடையைக் கண்ணாலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மீதிக்கு அம்மாவுக்குக் கோபம் வரும்.

இன்றைக்கு வைக்கக் கூடாதவர்கள்

"போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தார், மூணு நாளா என்னென்னமோ பேசறார்" என்று வீட்டார் சொன்னால் தாளையும் பேனாவையும் பைக்குள் வைத்துவிடுங்கள். நாள் கணக்கில் திடீரென வந்து, காலையில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் ஏறி இறங்கும் குழப்பத்துக்கு டெலீரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் இறங்கியது, சிறுநீர் அடைப்பு, கடுமையான மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய சங்கதி. அந்த நிலையில் நினைவாற்றல் சோதனை வைத்தால் யாராக இருந்தாலும் தோற்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்த வாரத்திலும், காய்ச்சலிலும், தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாதபோதும் இதே கதைதான். உடம்பு தேறிச் சில வாரம் போகட்டும்.

இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வரச் சொல்லும் முகாம்களில் இன்னொரு சிக்கல். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் பத்து மணிவரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார், சர்க்கரை இறங்கினால் யோசனை தடுமாறும். இரத்தம் எடுத்து, இட்லி சாப்பிட்டு, அரை மணி கழித்து அவரைக் கூப்பிடுங்கள்.

உட்காரும் முன்

கண்ணாடி எங்கே, காது கேட்கும் கருவி எங்கே என்று கேளுங்கள். "வீட்ல இருக்கு" என்ற பதில் அடிக்கடி வரும். எடுத்துவரச் சொல்லிக் காத்திருப்பதே சரி. ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் உட்காருங்கள். காது மந்தமானவர்கள் பாதியை உதட்டைப் பார்த்தே பிடிக்கிறார்கள். கத்த வேண்டாம். கத்தினால் சொல் தெளியாது, திட்டுவது போலத்தான் படும். டிவி, மிக்ஸி, மின்விசிறியின் கடகடப்பு எல்லாம் நிற்கட்டும். சுவர்க் கடிகாரம் அவர் கண்ணில் படாத பக்கமாக நாற்காலியைத் திருப்புங்கள். அவருடைய கைக்கடிகாரத்தையும் மறக்க வேண்டாம்.

கூட வந்தவர் முதியவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். காரணம் உண்டு. டிமென்ஷியா உள்ளவர்கள் கேள்வி வந்ததும் தலையைத் திருப்பி மனைவியையோ மகளையோ பார்ப்பது வழக்கம். "நீ சொல்லேன்" என்று கண்ணால் கேட்பார்கள். எத்தனை முறை திரும்பினார் என்பதும் குறித்துவைக்க வேண்டிய தகவல்தான். மதிப்பெண்ணில் அது சேராது, மருத்துவருக்கு உதவும்.

ஞாபகசக்தி டெஸ்ட் என்று அறிவித்துக்கொண்டு தொடங்காதீர்கள். "ஐயா, பிரஷர், சர்க்கரை பார்க்கிற மாதிரி அறுபது வயசு தாண்டினவங்க எல்லாருக்கும் இதையும் பார்க்கிறோம். சிலது சுலபமா இருக்கும், சிலது கொஞ்சம் கஷ்டமா இருக்கும். ஆரம்பிக்கலாமா?" என்பது போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் படி: மூன்று சொல்

அமெரிக்க மனநல மருத்துவர் சூ போர்சனும் அவருடைய குழுவும் 2000-இல் வெளியிட்டது மினி-காக். மருத்துவப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தாளை நம் இஷ்டத்துக்கு மாற்றத்தான் அனுமதி வேண்டும். அதில் மும்மூன்று சொற்களாக ஆறு பட்டியல்கள் உண்டு. இவருக்கு முன்பு எந்தப் பட்டியல் கேட்கப்பட்டது என்று பார்த்து வேறொன்றை எடுங்கள். ஒரே பட்டியலை ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சிலர் போன தடவை கேட்டதையே ஒப்பிப்பார்கள்.

"நான் மூணு வார்த்தை சொல்றேன். கவனமாக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லுங்க. ஞாபகமும் வச்சுக்குங்க, அப்புறம் கேட்பேன்." பிறகு ஒரு விநாடிக்கு ஒரு சொல் என்ற வேகத்தில் சொல்லுங்கள். மூன்றும் சரியாகத் திரும்பி வரவில்லை என்றால் மறுபடி சொல்லலாம், மொத்தம் மூன்று முறை வரை. அதற்கு மேல் வற்புறுத்தாமல் கடிகாரத்துக்குப் போய்விடுங்கள். இந்தத் திருப்பிச் சொல்லலுக்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் சொல் அவர் காதில் விழுந்ததா என்பதற்கு இதுதான் சாட்சி.

ஆங்கிலப் பட்டியலை அங்கேயே மனதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நான்காம் பட்டியலில் உள்ள நதி, நாடு, விரலை எடுத்துக்கொள்ளுங்கள். நதியை 'ஆறு' என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே கடிகாரம் வரையச் சொன்னால், அவர் கையாலேயே வட்டத்தின் அடியில் 6 எழுதுவார். விடையை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். ஆறாம் பட்டியலில் மலை வருகிறது. பல் இல்லாத வாயும் மந்தமான காதும் சேர்ந்தால் மலை எது, மழை எது? அதே பட்டியலில் சொர்க்கமும் உண்டு. கணவர் போன மாதம்தான் தவறினார் என்று தெரிந்த பாட்டியிடம் அந்தப் பட்டியலைத் தொடவே வேண்டாம். முதல் பட்டியலின் நாற்காலியைப் பலர் 'சேர்' என்றுதான் திருப்பிச் சொல்வார்கள். அவர் முதலில் எந்தச் சொல்லால் திருப்பிச் சொன்னாரோ, கடைசியில் அதே சொல் வந்தால் ஏற்றுக்கொண்டு ஓரத்தில் குறியுங்கள். உங்கள் நிலையத்தில் எல்லோரும் ஒரே தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்துவது மிக முக்கியம். ஆளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்றால் போன வருட மதிப்பெண்ணை இந்த வருடத்ததோடு ஒப்பிடவே முடியாது.

இரண்டாம் படி: கடிகாரம்

வட்டம் போட்ட தாளைக் கொடுங்கள். "இது ஒரு கடிகாரம். எல்லா நம்பரையும் அதது இருக்க வேண்டிய இடத்துல போடுங்க." போட்டு முடிக்கும்வரை முள்ளைப் பற்றிப் பேசக் கூடாது. முடித்த பிறகு: "இப்ப பதினொன்னு பத்து மணி காட்டுற மாதிரி முள்ளு போடுங்க." எத்தனை முறை கேட்டாலும் இதையே திரும்பச் சொல்லலாம், ஏனென்றால் இந்தப் படி நினைவுச் சோதனை இல்லை. 'பெரிய முள்', 'ரெண்டு' என்ற இரண்டையும் மட்டும் வாயில் வரவிடாதீர்கள்.

ஏன் பதினொன்று பத்து? கேட்டதும் 'பத்து' என்ற சொல் கையை 10-க்கு இழுக்கும். பக்கத்திலேயே 11 இருக்கிறது. அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடம் என்றால் 2 என்று மாற்றிப் போட மூளையின் முன்பகுதி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். 10-க்கும் 11-க்கும் ஒவ்வொரு முள் போட்டுவிட்டு நிம்மதியாகப் பேனாவை வைப்பவர்கள் நிறையப் பேர். மூன்று மணி, ஆறு மணி என்று சுலபமாக மாற்றிக் கேட்டால் இந்தச் சோதனையின் பாதி உயிர் போய்விடும்.

கடிகாரத்துக்கு 2 அல்லது 0. நடுவில் 1 கிடையாது. பன்னிரண்டு எண்ணும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஒன்று இருமுறை வந்தாலும் 0. வரிசை சரியாக, 12, 3, 6, 9 ஏறக்குறைய தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு முள் 11-ஐயும் மற்றது 2-ஐயும் காட்ட வேண்டும். எது நீளம், எது குட்டை என்று பார்க்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் அநியாயமாக 0 போடுவது இந்த முள் நீளத்துக்காகத்தான். கை நடுங்கிக் கோடு கோணலானாலும் பரவாயில்லை. மூன்று நிமிடத்தில் முடியாவிட்டாலும், வரைய மறுத்தாலும் 0 போட்டுத் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

0 வாங்கிய தாளையும் தூக்கி எறியாதீர்கள். எண்கள் எல்லாம் வலப் பாதியில் மட்டும் நெருக்கியடித்துக் கிடந்தால், இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடும் பக்கவாதமாக இருக்கலாம். 1-இல் தொடங்கித் தாராளமாக இடம் விட்டுப் போய் 9-க்கு மேல் இடமில்லாமல் திணறியிருந்தால் திட்டமிடுவதில் கோளாறு. முள்ளே போடாமல் வட்டத்துக்குள் '11.10' என்று எழுதிவைப்பவரும் உண்டு. தேதி போட்டு அப்படியே கோப்பில் சேர்த்துவையுங்கள்.

மூன்றாம் படி

"முதல்ல மூணு வார்த்தை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, என்னென்ன?" எடுத்துக்கொடுக்காமல் தானாக வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் 1. வரிசை மாறலாம். 'ஒண்ணு பழம்...' என்று இழுத்துக் கொடுக்கக் கூடாது. இரக்கப்பட்டுக் கொடுக்கும் இந்தக் குறிப்புதான் உண்மையான நோயாளிகளைத் தப்பவிடுகிறது.

சொல்லுக்கு 3, கடிகாரத்துக்கு 2, மொத்தம் 5. மூன்றுக்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். மூன்று சொல்லும் சொல்லிக் கடிகாரத்தில் மட்டும் தோற்றவருக்கு 3 வரும். அந்தக் கணக்கில் அவர் தேறிவிட்டார். ஆனாலும் லேசான குறைபாட்டையும் தவறவிடக் கூடாது என்றால் 4-க்குக் கீழே உள்ள எல்லோரையும் அனுப்பலாம் என்று சோதனையை வகுத்தவர்களே சொல்கிறார்கள். வீட்டார் கவலையோடு அழைத்து வந்தவருக்கு 4 என்ற எல்லையைப் பிடிப்பதே நல்லது. யாரும் புகார் சொல்லாமல் முகாமுக்கு வந்தவருக்கு 3 போதும்.

இந்த எல்லைக்குக் கீழே வந்தாலே நோய் என்று ஏன் படிக்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 2023-இல் வெளியான லாசி-டாட் என்ற நாடு தழுவிய முதியோர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. முகாமுக்கு 100 பேர் வந்தால் சுமார் 7 பேர் என்று வையுங்கள். நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது அந்த 7 பேரில் 6 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 93 பேரில் 19 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 25 பேர் மாட்டுவார்கள், உண்மையில் நோய் 6 பேருக்கு. மற்ற 19 பேரிடம் "உங்களுக்கு மறதி நோய்" என்று முகாமிலேயே சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு

பேனாவே பிடித்திராத கையிடம் கடிகாரம் வரையச் சொல்வது அநியாயம். அவர் வாங்கும் 0 மூளையைப் பற்றி எதையும் சொல்லாது. 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-இல் வந்த மோகா என்ற நீளமான நினைவாற்றல் சோதனைகள் இரண்டுக்கும் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். முன்னது வாக்கியம் எழுதச் சொல்கிறது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறது. பின்னது 12 ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டித் தருகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு?

இதற்கு இந்தியாவிலேயே கண்ட வழி, ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியோரிடம் நடந்த ஆய்வில் உருவாகி 1995-இல் வெளியான இந்தி மனநிலைச் சோதனை. எம்.எம்.எஸ்.இ.யின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதை மாறியது. 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில் சோதிப்பவர் தானே கண்ணை மூடிக் காட்டி, அதுபோல் செய்யச் சொல்கிறார். ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் வாயால் சொன்னால் போதும். தமிழில் கேட்பவர்களுக்கும் இந்த யோசனை பாடம்: அதே திறனை அவர் வாழ்க்கையில் இருக்கும் பொருளைக் கொண்டு கேட்பது.

ஆஸ்திரேலியாவில் பல மொழி பேசும் குடியேறிகளுக்காக 2004-இல் வந்த ருடாஸ் என்ற சோதனையும் கைகொடுக்கும். பத்து நிமிடம் ஆகும், மொத்தம் 30, 22-ம் அதற்குக் கீழும் சந்தேகம். நினைவுக்குக் கொடுப்பது மளிகைப் பட்டியல்: டீ, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. ஒரு கையை முட்டியாகவும் மற்றதை மேசைமேல் கவிழ்த்த உள்ளங்கையாகவும் வைத்து மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்கள் கேட்கிறது, எட்டு சொன்னால் முழு மதிப்பெண். சிக்னலும் கோடும் இல்லாத, வண்டி நெரிசலான சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று ஒரு கேள்வி. நம் ஊரில் இதற்கு வரும் முதல் பதில் "கையைக் காட்டிட்டுப் போயிருவேன்". நாம் எல்லோரும் செய்வதும் அதைத்தான். அதோடு நிறுத்தாமல் "வேற என்ன பண்ணுவீங்க?" என்று ஒருமுறை கேளுங்கள். இருபுறமும் பார்ப்பேன், யாரையாவது துணைக்குப் பிடிப்பேன் என்று அப்போதுதான் வரும். ருடாஸிலும் கனசதுரம் வரைய வேண்டிய ஒரு பகுதி உண்டு. எழுதிப் பழகாதவர் அதில் இழக்கும் 3 மதிப்பெண்ணைத் தனியாகக் குறியுங்கள்.

எந்தச் சோதனையிலும் தேதி, மாதம் கேட்கும்போது "ஆடி பொறந்து நாலு நாளாச்சு" என்றால் நாட்காட்டியைப் பார்த்துச் சரிபாருங்கள், அது சரியான விடை. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும்போது பங்குனி, மாசி, தை என்று போனாலும் சரி. வயதையும் பிறந்த தேதியையும் கேட்டு மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை; ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! பிரிட்டனில் புழங்கும், ஆறு கேள்வி கொண்ட 6-சி.ஐ.டி. என்ற சோதனையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் கூடக்கூட மோசம். 28-க்கு 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் கவலை. மற்ற தாள்களின் பழக்கத்தில் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள்.

கூட இருப்பவரிடம் கேட்பது

அறையில் கிடைக்கும் மதிப்பெண்ணை விட, கூட வாழ்பவர் சொல்வது பல நேரம் கனமானது. முதியவர் காதில் விழாமல் தனியே கேளுங்கள். ஏ.டி.8 என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ 'ஆம், மாறியிருக்கிறது' வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, புது கேஸ் அடுப்பையோ ரிமோட்டையோ பழக முடியவில்லையா, பென்ஷன் பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை மறக்கிறாரா, பிடித்த காரியத்தில் ஆர்வம் போய்விட்டதா என்ற ரீதியில் போகும்.

இதில் உயிர்நாடி 'மாற்றம்' என்ற சொல். வாழ்நாளில் சமையல்கட்டுப் பக்கமே போகாத தாத்தாவுக்குக் காபி போடத் தெரியவில்லை என்பது மாற்றம் ஆகாது. நாற்பது வருடம் சீட்டுக் கணக்கு எழுதிய பாட்டி சில்லறை எண்ணத் தயங்கினால், மினி-காக்கில் 5 வாங்கியிருந்தாலும் விடாதீர்கள்.

"தெரியலப்பா", "என்னமோ போ" என்று முயற்சியே இல்லாமல் பதில் வந்தால் மனச்சோர்வைச் சந்தேகியுங்கள். டிமென்ஷியா உள்ளவர் பெரும்பாலும் முயல்வார், தப்பாகவாவது எதையோ சொல்வார், சமாளிப்பார். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்வித் தாளில் 5-ம் அதற்கு மேலும் வந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் வந்த பிறகு

மருத்துவரிடம் அனுப்பும்போது மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போகச் சொல்லுங்கள், சீட்டு மட்டும் போதாது. குளோர்பெனிரமின் சேர்ந்த சளி மாத்திரை, அமிட்ரிப்டிலின், அல்பிரசோலம், டிரைஹெக்சிபெனிடில், ஆக்சிபுடினின் ஆகியவை முதியவர்களின் நினைவை மங்கவைக்கும். பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறைந்திருக்கலாம். பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், இரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றோடு தலை ஸ்கேனும் வழக்கமாகப் பார்ப்பார்கள். சில வாரங்களுக்கு முன் விழுந்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். லேசாகத் தலையில் பட்டதில் கூட மெதுவாக இரத்தம் கட்டி மறதியாக வெளிப்படும், அது அறுவை சிகிச்சையில் சரியாகக் கூடியது. மறதியோடு கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடையும், சிறுநீரை அடக்க முடியாமையும் சேர்ந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். சென்னையில் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதியோர் மருத்துவப் பிரிவும், 2024-இல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மையமும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாத குடும்பத்துக்கு முதியோர் உதவி எண் 14567-ஐக் கொடுக்கலாம்.

குடும்பத்திடம் சொல்லும் வாசகத்தை முன்கூட்டியே பழகிவையுங்கள்: "சில கேள்வி கொஞ்சம் கஷ்டமா இருந்தது. சத்துக் குறைவு, தைராய்டு, மருந்துன்னு பல காரணம் இருக்கலாம். டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டிருவோம்." முதியவரையும் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக, கோப்பில் வெறும் '1/5' என்று எழுதாதீர்கள். அடுத்து பார்ப்பவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதினால் உதவும்: "காலை 10.40, சாப்பிட்ட பின். மினி-காக், 3-ஆம் பட்டியல், தமிழில். சொல் 1, கடிகாரம் 0 (முள் 10-லும் 11-லும், தாள் இணைப்பு). மொத்தம் 1/5. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தார். இடது காது மந்தம். மூன்று சொல்லையும் இரண்டாம் முறையில் திருப்பிச் சொன்னார். மனைவியை நான்கு முறை திரும்பிப் பார்த்தார். ஏ.டி.8 மகளிடம்: 5. மெட்ஃபார்மின் 9 வருடம்."